லோங்காங்கில் கைமாறிய வளையம்

ஐம்பத்தேழில், சுதந்திரத்துக்கு முந்திய வாரம், காஜா பெராங்கில் யூனுஸின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் கிருமிகள் சாவதை நிறுத்திக்கொண்டன. லோங்காங் என்பார்கள் அந்தச் சாக்கடையை. முதலில் கண்டவள் யூனுஸின் மனைவி பஷீரா. சட்டி கழுவக் குந்தியவளுக்கு ஒவ்வொரு கிருமியும் கசகசா அளவில் தெரிந்தது. சிலவற்றின் வயிற்றில் நீல வளையம் ஒன்று சுழன்றது. வளையம் உள்ள கிருமி பக்கத்தில் இருந்ததை நோக்கி மயிரிழை போல ஒரு பாலத்தை நீட்டி வளையத்தைத் தள்ளிவிட்டது. கொடுத்ததிடமும் வளையம் இருந்தது, வாங்கியதிடமும் இருந்தது. வாங்கியது அதன் பிள்ளையும் அல்ல, இனமும் அல்ல. சேற்றுக் கிருமி வயிற்றுக் கிருமிக்குக் கொடுத்தது, அது கடலுக்குப் போகிற கிருமிக்குக் கொடுத்தது. வேலிக்கு மேல் கறிச்சட்டி கைமாறுகிற சந்து அது. பஷீராவுக்குப் புரியாத காரியமல்ல. ஆனாலும் மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காரணம் யூனுஸ்தான். ஆஸ்பத்திரியில் அவர் சீசா கழுவுகிறவர். சீசாக்களின் அடியில் தங்கும் மருந்தை வீணாக்க மனமில்லாமல் ஒரு டின்னில் சேர்த்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சந்து மக்களுக்குத் தர்மமாக லோங்காங்கில் ஊற்றுவார். மூன்று வருஷம் ஊற்றினார். "உங்க மச்சான் புண்ணியத்துல எங்க வீட்டு எலிகூட தும்முறதில்லக்கா" என்று வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சிவகாமசுந்தரி பஷீராவிடம் சிரிப்பாள். "சிரிங்க லா. நாளைக்குக் கவர்னரே வந்து இதுல குளிப்பாரு" என்பார் யூனுஸ். மருந்தில் மற்றவை செத்தன, வளையம் உள்ளவை மிஞ்சின. தண்ணீரைப் பார்த்தே பஷீரா இதைத் தெரிந்துகொண்டு புருஷனிடம் சொன்னாள்.

"மச்சான், இனிமே ஊத்தாதீங்க. அதுங்க கத்துக்கிச்சு."

"கிருமிக்கு யாருடி பள்ளிக்கூடம் வச்சது?"

"நீங்கதான்."

சுதந்திரக் கொடி ஏறிய மறுநாள் யூனுஸுக்கு ரத்தபேதி கண்டது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கலியாணசுந்தரம் சைக்கிளில் வந்து ஊசி போட்டார், வேறு மாத்திரை மாற்றினார், கடைசியில் தலையைச் சொறிந்தார். "பச்சத் தண்ணிய ஏத்துற மாதிரி இருக்கும்மா. எதுவும் பிடிக்கல." பஷீரா லோங்காங்கின் ஓட்டத்துக்கு எதிராக நடந்து பார்த்தாள். மருந்து எட்டாத இடத்தில் கிருமிகள் வளையத்தைச் சுமக்க மாட்டாமல் கரையில் இறக்கி வைத்திருந்தன. மண் நீலமாகக் கிடந்தது. அவள் குனிந்து, வீட்டில் கிடக்கிறவரின் வயிற்றில் உள்ளவையும் இறக்கி வைக்கட்டும் என்று கெஞ்சினாள். இறக்கி வைக்க அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். யூனுஸுக்கு இருந்தது ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் கேட்டார். கிளாசை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, பிறகு குடித்தார். சீசா கழுவியே வந்த பழக்கம். சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லுமுன் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி சர்பத் கொடுத்தபோது சிவகாமசுந்தரி கிளாசை நகத்தால் இரண்டு தட்டினாள். தட்டிவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தாள். "நான் இல்லக்கா, சத்தியமா. கை தானா தட்டுது." அடுத்த வாரம் கலியாணசுந்தரம் தட்டினார். மறுவருஷம் பக்கத்துக் கம்போங் செட்டியில் குழந்தைகள் தட்டினார்கள். அறுபதில், யூனுஸ் என்ற பெயரையே கேட்டிராத, ஊருக்கு வெளியே இருக்கிற புக்கிட் காதில்காரர்கள் தட்டிவிட்டுத்தான் குடித்தார்கள். யூனுஸின் வயிற்றிலிருந்து கிளம்பிய கிருமிகள் போகிற போக்கில் அவரில் ஒரு துணுக்கை வளையத்தில் கோத்துக்கொண்டு போயிருந்தன. பஷீரா லோங்காங்கில் குனிந்து பார்த்தபோது மிஞ்சியிருந்த நீல வளையங்கள் ஒவ்வொன்றும் இரண்டு முறை அதிர்ந்து அடங்கின.

அவளுக்கு மட்டும் அது வரவில்லை. அவர் போன நாள் முதல் கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் அவள் வாயில் வைத்ததில்லை. வேண்டுமென்றே தட்டிப் பார்த்தாள். அது அவள் விரலின் சத்தமாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் அவரைக் குடித்துக்கொண்டிருக்க, அவள் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்றில் ஒரு காலை அடுப்பில் இருந்த கேத்தலை இறக்கிவிட்டு, கிணற்றடிக்குப் போனாள். அந்தக் கிணற்றுக்கும் லோங்காங்குக்கும் நடுவே நான்கடி மண்தான். பிஸ்மில்லா சொல்லி ஒரு கிளாஸ் மொண்டு குடித்தாள். வயிறு இரண்டு நாள் வலித்தது. மூன்றாம் நாள் கிளாசை எடுத்தபோது நகம் தானாகப் போய் இரண்டு தட்டுத் தட்டியது. காது கொடுத்துக் கேட்டாள். விரிசல் இல்லை. குடித்தாள்.