படுக்கையறைச் சுவருக்கு மட்டும்

காய்ந்த பெயிண்டில் ஏன் வெடிப்பு விழுகிறது என்பதுதான் கோபாலகிருஷ்ணனின் ஆராய்ச்சி. அப்படியே எழுதினால் எவனும் காசு தரமாட்டான். ஆகவே நிதி விண்ணப்பத்தில், 'விமானம், ஏவுகணை ஆகியவற்றின் மேற்பூச்சில் புரட்சி' என்று ஒரு வரி சேர்த்திருந்தான். நிதி வந்தது.

இப்போது மாதக் கடைசியில் விசா முடிகிறது. விசா போனால் வேலை போகும். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அறையைக் காலி செய்துவிட்டுத் திருச்சி விமானம் ஏற வேண்டியதுதான். பல்கலைக்கழகம் மீண்டும் ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதற்கு முன், ஆயுதத்துக்கு உதவும் தொழில்நுட்பம் ஏதும் இந்த வெளிநாட்டுக்காரன் கையில் சிக்குமா என்று விசாரிப்பார்கள். விசாரிக்கும் பல்கலைக்கழக அதிகாரி பிரியந்தி, யாழ்ப்பாணத்துக்காரர். அது தெரிந்ததுமே கோபாலகிருஷ்ணனுக்குப் பாதி விசா வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, அந்த ஏவுகணை சும்மா எழுதினது."

"அக்கா எண்டா சட்டம் இளகாது, தம்பி. சும்மா எண்டு போட இந்தப் படிவத்தில இடமும் இல்லை. ஏவுகணைக்கு உதவுமோ, உதவாதோ?"

"உதவாது."

"விமானத்துக்கு?"

"அதுக்கும் உதவாதுக்கா."

"அப்ப என்னத்துக்குத்தான் உதவும்?"

"உண்மையச் சொன்னா ஒண்ணுத்துக்கும் உதவாது," என்றான் உற்சாகமாக.

பிரியந்தி தட்டச்சை நிறுத்தினார். "ஒண்டுக்கும் உதவாத வேலைக்கு வெளிநாட்டிலயிருந்து ஏன் ஆள் எடுக்க வேணும்? அதுக்கு இஞ்சயே ஆக்கள் தாராளம்."

கோபாலகிருஷ்ணன் யோசித்தான். உதவினால் ஆபத்து, உதவாவிட்டால் திருச்சி. லண்டனில் இருக்குமளவுக்கு மட்டும் உதவ வேண்டும்.

"வீட்டுச் சுவருக்கு உதவும்."

"வெளிச்சுவரோ, உள்சுவரோ?"

"எதுக்குக்கா?"

"மழையும் காத்தும் தாங்கினா கப்பலுக்கும் பூசலாம். போர்க்கப்பல் தடைப் பட்டியல்ல கிடக்கு."

"உள்சுவர்தான்."

"குசினியோ? அங்க அடுப்புச் சூடு."

"படுக்கையறைக்கா."

"நல்லம்."

அச்சிட்ட தாளை நீட்டினார். 'இவ்வாராய்ச்சி படுக்கையறைச் சுவருக்கு மட்டும் ஓரளவு உதவும்.' பக்கத்தில் அவனுடைய பெயர், முனைவர் பட்டத்தோடு.

கோபாலகிருஷ்ணன் நெடுநேரம் படித்தான்.

"என்ன தம்பி, 'ஓரளவு' குத்துதோ? எடுக்கலாம். எடுத்தா முதல்ல இருந்து விசாரிக்க வேணும்."

அவன் பேனாவைத் திறந்து 'ஓரளவு' என்பதை அடித்தான். மேலே 'மிகச் சிறிதளவு' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டான்.

"இப்ப ஒரு பிரச்சினையும் வராது," என்றார் பிரியந்தி.