மஞ்சள் பட்டை

பல நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கும் அந்தப் பள்ளியில், புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணையை ஒதுக்குவார்கள். துணையாக இருப்பவர் கையில் மஞ்சள் துணிப்பட்டை கட்டியிருக்கும். கழிப்பறை எங்கே, சாப்பாட்டுக்கு எந்த வரிசை, மணி அடித்தால் எங்கே போவது என்று முதல் பருவம் முடியும்வரை அந்தத் துணைதான் காட்ட வேண்டும். இருவருக்கும் வீட்டு மொழி ஒன்றாகவே இருந்துவிட்டால் ஆசிரியர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஐந்தாம் வகுப்பில் இந்த முறை பட்டை கட்டியிருந்தவள் மைனா. வீட்டில் கூப்பிடும் பெயர் அது. பல் முளைப்பதற்கு முன்பே வாய் முளைத்துவிட்டது என்று அப்பா வைத்தார். அவளுடைய அம்மா அதே பள்ளியின் நூலகத்தில் உதவியாளர். புத்தகங்களுக்கு உறை போடுவாள், முதுகில் எண் ஒட்டுவாள், திரும்பி வந்தவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி அலமாரிக்குக் கொண்டுபோவாள். அந்த வேலை இருப்பதால்தான் மைனாவுக்கு அங்கே படிக்க இடம். இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடிக் கதவுகளை அவர்கள் வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள்.

நூலகத்துக்கு எதிரே நீளமான நடைவழி. அதன் சுவர் முழுக்கப் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் படங்கள். பல நாட்டு முகங்கள், எல்லாம் சிரித்தபடி. அப்பா அம்மாவின் கம்பெனி வேறு ஊருக்கு அனுப்பினால் பிள்ளையும் கிளம்ப வேண்டியதுதான். கடைசி நாளில் கேக் வெட்டுவார்கள், கைதட்டுவார்கள், வகுப்பிலிருந்து படத்தைக் கழற்றிச் சுவரில் ஒட்டுவார்கள். மைனா அதை 'சுவத்துக்குப் போறது' என்பாள். சென்ற கோடை விடுமுறைக்கு முன் அவளுடைய உயிர்த்தோழி சுவருக்குப் போனாள். சுருட்டை முடிக்காரி. சேர்ந்தாற்போல் மூன்று வருடம் மைனாவோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள். அன்று மைனா அழவில்லை. 'பழகிடும் கண்ணு' என்று அம்மா தலையைத் தடவினாள். மைனா தலையை நகர்த்திக்கொண்டாள்.

இப்போது வந்திருக்கும் புதுப் பிள்ளையைப் 'பட்டு' என்று அவள் அம்மா கூப்பிடுவாள். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் அப்பாவுக்கு வேலை. கம்பெனியே பள்ளியில் சேர்த்துவிட்டது. பட்டுவுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. பள்ளியில் தமிழ் தெரிந்த பிள்ளை மைனா ஒருத்திதான்.

"உங்கள் மகள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போமோ" என்று வகுப்பு ஆசிரியை ஒருநாள் நூலகத்துக்கே வந்து ஆங்கிலத்தில் சொன்னாள். "நிழல் மாதிரி கூடவே இருக்கிறாள்."

அன்று முழுக்க அம்மா உறை போட்ட புத்தகங்களில் ஒன்றில்கூடச் சுருக்கம் விழவில்லை.

அந்த வாரமே, பள்ளி விட்டபின் வாசலில் நின்ற மைனாவின் அம்மாவிடம் பட்டுவின் அம்மா தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"இங்க தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதாச்சும் இருக்கா?"

அம்மா சிரித்துவிட்டாள். "மூலைக்கு மூலை குழாய் வச்சிருக்காங்க. பாட்டில் இல்லாத டீச்சரை நான் பாத்ததே இல்ல. யாரு சொன்னா?"

"இவதான். காலையில ரொப்பிக் குடுக்கற பாட்டில் அப்படியே திரும்பி வருது. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் செருப்பைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடறா. ராத்திரி படுக்கைய நனைச்சுடறா. சின்னதுலயே விட்ட பழக்கம்க்கா. கேட்டா, டீச்சர் குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்கங்கறா."

"புது இடம் இல்லையா. மொதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

"உங்க பொண்ணு கூட இருக்கான்னுதான் நான் நிம்மதியா தூங்கறேன். அவரு கடலுக்குள்ள கெடக்கறாரு, போன் கெடச்சா அதிசயம். எனக்கு இங்கிலீஷ்னாலே காது அடைச்சுக்குது."

பட்டு தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கண் இவர்கள் இருவர் மேலும் இல்லை. திடலின் மறுகோடியில் பையை மாட்டிக்கொண்டிருந்த மைனாவின் மேல் இருந்தது. மைனா நிமிர்ந்து பார்த்ததும் அந்தக் கண் தரைக்குப் போயிற்று.

மைனாவின் அம்மா அதைப் பார்த்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மைனாவிடம் கேட்டாள். "பட்டு ஏன்டி தண்ணி குடிக்க மாட்டேங்கறா?"

"அவளுக்குப் பிடிக்கல போல." பதில் உடனே வந்தது.

அப்பா இடையில் புகுந்தார். "நம்ம மொழிபெயர்ப்பாளரைச் சாப்பிட விடு. நாளைக்கு ரெண்டு நாட்டுத் தலைவருங்க நடுவுல உக்காரப் போறவ. அவங்க முறைச்சுக்கிட்டா இவ சிரிக்க வைப்பா."

"நான் என்ன மாத்திச் சொன்னாலும் அவங்களுக்குத் தெரியாது இல்லப்பா?"

"எப்படித் தெரியும்? உன் வாய்தான் அவங்களுக்குக் காது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மைனா சிரிக்கவில்லை. தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஐந்தாம் வகுப்புக்கு நூலக நேரம். அம்மா தள்ளுவண்டியோடு விலங்குப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்குப் பின்னால் இருந்தாள். புத்தகங்களுக்கு மேலே இருந்த இடைவெளியில் மூன்று தலைகள் தெரிந்தன. மைனா, பட்டு, வகுப்புத்தோழி ஒருத்தி. தோழியின் கையில் குதிரைப் படம் போட்ட பெரிய புத்தகம்.

"இதை என்னோடு சேர்ந்து பார்க்கிறாளா என்று கேளேன்" என்றாள் தோழி ஆங்கிலத்தில்.

மைனா பட்டுவின் பக்கம் திரும்பினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"உன்மேல வாடை அடிக்குதாம். தள்ளி உக்காரச் சொல்றா."

பட்டுவின் தோள்கள் ஒடுங்கின. மைனா தோழியிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். "அவளுக்குக் குதிரை பிடிக்காதாம்." தோழி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

"நான் குளிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள் பட்டு, கேட்டும் கேட்காமலும்.

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே. அதான் என் பக்கத்துலயே இருன்னு சொல்றேன்."

"பாத்ரூம் வருது."

"இங்கிலீஷ்ல கேப்பியா? தப்பாக் கேட்டா உங்கப்பா கம்பெனிக்குப் போன் போட்டுடுவாங்க. அப்பறம் அவருக்கு வேலை இருக்காது. நேத்தே சொன்னேன்ல, தண்ணி குடிக்காதன்னு? குடிச்சியா?"

"ஒரு வாய்தான்."

"பாத்தியா."

பட்டு நகர்ந்து மைனாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மைனா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவியது அம்மாவின் கை மாதிரியே இருந்தது. அதே மெதுவு, நெற்றியிலிருந்து பின்பக்கம்வரை. அறையின் மறுமுனையிலிருந்து ஆசிரியை அந்தக் காட்சியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துப் புன்னகைத்தாள்.

அம்மா தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். நாலு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் மணி அடிக்கும்வரை நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"பட்டுகிட்ட நீ என்ன சொல்லிட்டு இருக்கே?"

"அவங்க சொன்னதத்தான் சொல்றேன்."

"நான் அலமாரிக்குப் பின்னாடிதான் இருந்தேன்டி."

மைனா பையைக் கீழே வைத்தாள். முகத்தில் பயம் வரும் என்று அம்மா காத்திருந்தாள். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மைனா கையில் கட்டியிருந்த மஞ்சள் பட்டையை அவிழ்த்து, சுருக்கம் போக நீவி, மேசைமேல் வைத்தாள்.

"இங்கிலீஷ் வந்துட்டா எல்லார்கூடவும் பேசுவா. அப்பறம் சுவத்துக்குப் போயிடுவா. எல்லாரும் அப்படித்தாம்மா போறாங்க. இவளுக்கு நான் மட்டுந்தான். இவ போக மாட்டா."

"அதுக்காக ஒரு குழந்தைய தண்ணி குடிக்காதன்னு சொல்லுவியா?"

"நீ மிஸ்கிட்ட சொல்லப்போறியா?"

அம்மா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா என்னைய அனுப்பிடுவாங்க. நீச்சல்குளத்து அங்கிள் பையனை அனுப்பின மாதிரி. அவன் படத்தைச் சுவத்துலகூட ஒட்டலம்மா."

அம்மாவுக்கு அந்தப் பையனை நினைவிருந்தது. சின்னப் பையன் ஒருவனை விடாமல் மிரட்டினான் என்று ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அப்பா இன்னும் அங்கேயே தண்ணீரில் மிதக்கும் இலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருக்கிறார். யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊழியர் பிள்ளை என்றால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

"நாளைக்கே நீ அவகிட்ட உண்மையச் சொல்லணும். சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு. மன்னிப்புக் கேளு. நான் யார்கிட்டயும் சொல்லல."

"சரிம்மா" என்றாள் மைனா. அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் அம்மா எதையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அதை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். நூலக நேரத்தில் தள்ளுவண்டியை விலங்குகள் பக்கம் கொண்டுபோகவில்லை. வாசலில் பட்டுவின் அம்மாவைக் கண்டால் கையை மட்டும் ஆட்டிவிட்டு வேகமாக நடந்தாள். வீட்டில் மூவரும் சாப்பிடும்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. "என்ன, மைனாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அப்பா கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்ல" என்றார்கள்.

வெயில் கொளுத்திய ஒரு மதியம், விளையாட்டுத் திடலில் பட்டு மயங்கி விழுந்தாள்.

நர்ஸ் அறையிலிருந்து ஆள் வந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். குழந்தையின் தாய் வந்திருக்கிறாள், பேச்சு புரியவில்லை, நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றார்கள். நடைவழியில் போகும்போது அம்மா ஒரு வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டாள். 'இதைச் செய்தது என் மகள்.' சின்ன வாக்கியம்தான். சுவரில் இருந்த முகங்களெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. அறை வாசலில் மைனா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கையில் மஞ்சள் பட்டையோடு. அம்மா நிற்காமல் உள்ளே போனாள்.

பட்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் அவள் அம்மா, எதிரே வகுப்பு ஆசிரியை. நர்ஸ் குழாயடியில் நின்றாள்.

"உடம்பில் தண்ணீரே இல்லை. சிறுநீரில் கிருமி வேறு இருக்கும் போலிருக்கிறது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்றாள் ஆசிரியை. "குடிக்கக் கூடாது என்று யாராவது அவளிடம் சொன்னார்களா? அவள் அம்மாவிடம் கேளுங்கள்."

அம்மா கேட்டாள். சரியாகவே கேட்டாள்.

பட்டுவின் அம்மா மைனாவின் அம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க பொண்ணுதான் சொல்லிச்சாம், டீச்சர் சொன்னாங்கன்னு. நேத்துக்கூடச் சொல்லிச்சாம். இவ பொய் சொல்ற பிள்ளை இல்ல. ஆனா உங்க பொண்ணு தங்கமான பொண்ணு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே டீச்சர்கிட்ட கேளுங்களேன்."

நேற்றுக்கூட.

ஆசிரியை காத்திருந்தாள். அடுக்கி வைத்த வாக்கியம் அம்மாவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒரு மொழிக்கும் இன்னொரு மொழிக்கும் நடுவில் இத்தனை பெரிய இருட்டறை இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. உள்ளே அவளைத் தவிர யாருமில்லை. இரண்டு பக்கக் கதவும் அவள் கையில் இருந்தது.

"இவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "வெளியிடங்களில் தண்ணீர் குடிக்க மாட்டாளாம். கூச்சம். யாரும் எதுவும் சொல்லவில்லையாம்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஆசிரியை மூச்சை விட்டாள். "பாவம். வேறு துணையை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அவள் அம்மா என்ன நினைக்கிறாள்?"

அம்மா திரும்பினாள். "டீச்சர் அப்படியெதுவும் சொல்லவே இல்லையாம். பட்டு சரியாப் புரிஞ்சுக்கலபோலங்கறாங்க. இனிமே குடிக்கச் சொல்லுங்கன்னு சொல்றாங்க."

"அப்படியா?" பட்டுவின் அம்மா மகளைப் பார்த்தாள். "ஏன்டி, நீயா நினைச்சுக்கிட்டியா? மைனாவைப் போய்ச் சொல்லிட்டியே." பிறகு மைனாவின் அம்மாவிடம், "மன்னிச்சுக்குங்கக்கா. அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, மனசு ஒடைஞ்சுடும். இவகூட எப்பவும்போல இருக்கச் சொல்லுங்க."

"துணையை மாற்ற வேண்டாமாம்" என்றாள் அம்மா ஆசிரியையிடம். அது மட்டும் உண்மையான மொழிபெயர்ப்பு.

இரண்டு மொழியிலும் தன்னைப் பற்றி நடந்ததைப் பட்டு எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. இத்தனை நாள் ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டு ஏதோ காதில் ஏறியிருக்கும். மைனாவின் அம்மாவுடைய வாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் ஒரு குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். பட்டு இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. தன் அம்மாவைப் பார்க்கவில்லை, ஆசிரியையையும் பார்க்கவில்லை. மைனாவின் அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா தலையசைத்தாள்.

பட்டு குவளையை வாயில் வைத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

வெளியே வந்தபோது மைனா பெஞ்சிலிருந்து எழுந்தாள். அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு நடைவழியில் அவளோடு சேர்ந்து நடந்தாள். பாதி தூரம் போனதும், மஞ்சள் பட்டை கட்டிய கையை அம்மாவின் கைக்குள் நுழைத்தாள். அம்மாவின் கைதான் சில்லிட்டிருந்தது.

"பரவால்லம்மா" என்றாள் மைனா. "பழகிடும்."