மீன்பாடி வண்டியில் குடில்

குடிலை மூன்று மணிக்குள் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் ஏட்டு. மறுநாள் கிறிஸ்துமஸ். மகனுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்த வருடத்திலிருந்து, தெருவே பார்க்கும்படி குடில் வைப்பதாக எதிர்வீட்டுப் பேபிக்கு வேண்டுதல். காட்டுப்பாக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் புறம்போக்கில்தான் வைப்பாள். இந்த வருடம், பொது இடத்தில் எந்தச் சாமிக்கும் கம்பு நட்டுக் கொட்டகை போடக் கூடாதென்று உத்தரவு. ஆடியில் எங்கள் அம்மன் பந்தலையும் பிரித்தார்கள். சட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

நான் சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டு, மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் காலியாக மிதித்துக்கொண்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. பேபி கூரை வைக்கோலை ஒவ்வொரு பிடியாக உருவிக்கொண்டிருந்தாள்.

"கம்பு நடக் கூடாது, அவ்ளோதான?" என்றேன்.

"ஆமாண்ணா."

"அப்ப வண்டில ஏத்து."

கூரையோடு தூக்கி வைத்துக் கயிற்றால் கட்டினோம். வண்டியிலிருந்த சிமெண்ட் தூசி, களிமண் ஆடுகளுக்கு விபூதி பூசியதுபோல் ஒட்டியது.

முதல் திருப்பத்திலேயே ஏட்டு மறித்தார்.

"இன்னா முனியா, கொழுப்பா?"

"லோடு சார். போய்கினே கீது."

"எங்க போவுது?"

"தெருத்தெருவா."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வண்டி ஸ்டேஷனுக்குப் போனால் என் சோறு போச்சு. தொட்டிலில் இருந்த குழந்தை ஏசு பொம்மையைக் குனிந்து பார்த்தார்.

"எங்கனா நின்னுச்சு, வண்டியத் தூக்கினு போய்டுவேன்."

அப்புறம் எங்கே இறங்குவது? ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பேபி கூடவே ஓடி ஓடித் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். பாதி என் சட்டை குடித்தது.

ஏரிக்கரை மேட்டில் கால் ஓய்ந்துவிட்டது. ஏட்டு பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மேட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள் அங்கம்மா. அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிறவள்.

"எங்காத்தா பந்தலப் பிரிச்சாங்களே, அப்ப எங்கடா போச்சு உன் வண்டி?"

"அப்போ தோணலக்கா. வர்ற ஆடிக்கு ஆத்தாளையும் ஏத்திக்கலாம்."

"வாய் மட்டும் கொறச்சலில்ல."

முழு எடையையும் பெடலில் போட்டு ஏறி நின்றேன். சக்கரம் நகரவில்லை, பின்னுக்கு வழுக்கப் பார்த்தது. "ஏசப்பா" என்றாள் பேபி.

சட்டென்று கனம் குறைந்தது. திரும்பினேன். செதில் ஒட்டிய ஒரு கையால் அங்கம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். விழப்போன ஆட்டுக்குட்டி ஒன்று அவள் மறு கையில் இருந்தது.