பாவம் என்றொரு கோஷம்

பிரியாவிடைக்காக ஆரூரனை மைதானத்தின் நடுவுக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பரேஷன் செய்த முழங்காலோடு நொண்டி நொண்டிப் போனபோது டிரம் அதிர்ந்தது. அவனுக்குத் தன் முதல் மாட்ச் நினைவுக்கு வந்தது.

அமெரிக்கன் ஃபுட்போலில் அவனுக்கு ஒரே வேலைதான்: பந்தோடு ஓடிவருபவனை மறித்து விழுத்துவது. அன்று பேர்லினில் அதைப் பார்க்க வந்த அம்மா கமலநாயகிக்கு விளையாட்டு ஒரு மண்ணும் விளங்கவில்லை. மகன் மலைபோன்ற ஒருவனைச் சரித்ததும் பதறி எழுந்து, "ஐயோ, பாவம்! பாவம்!" என்று கத்தினாள். விழுந்தவனுக்காகத்தான் கத்தினாள். பின்வரிசையில் டிரம்மோடு இருந்த ஜெர்மன்காரர்களோ அதை வெற்றி முழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவன் விழுந்தபோது எல்லோருமாகச் சேர்ந்து, "பாவம்! பாவம்!" என்று முழங்கினார்கள்.

ஆரூரன் திருத்தப் போகவில்லை. அவன் விளையாடப் போன ஊரெல்லாம் அந்தச் சொல்லும் கூடவே பஸ் ஏறியது. ரசிகர்களின் கழுத்துத்துண்டிலும் அச்சாகியது. ட்ரெஸ்டனில் அவன் விழுத்திய ஒருவன், புல்லில் கிடந்தபடியே "பாவம்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றுவரை ஆரூரன் மறக்கவில்லை.

இன்றும் எல்லோரும் எழுந்து நின்று அதையேதான் கத்தினார்கள். அவன் கையசைத்துவிட்டுத் திரும்பிவந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி இருந்தான். கோஷம் ஓயவில்லை. அவள் அவன் முழங்காலை மெல்லத் தடவினாள்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் மோனை, சரியான ஆளைப் பாத்துச் சொல்லுறாங்கள்."