ஆறு உருண்டைகள்

ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து தலையை எடுத்தபோது மெக்கானிக் பாலுவின் நெற்றியில் ஒட்டடை இருந்தது.

"கம்ப்ரஸர் அவுட்டு சார். கடைக்கு எடுத்துகினு போவணும். உள்ள கீறதெல்லாம் காலி பண்ணிடுங்க."

ஞானையா ஃப்ரீஸரைத் திறந்தார். மனைவி ஹில்டா இறந்த இந்த மூன்று மாதத்தில் கீழ்த்தட்டில் பால் பாக்கெட் வைத்து எடுத்ததோடு சரி. பட்டாணிக்குப் பின்னால் ஒரு டப்பா. அதில் சாக்லேட் சிப்ஸ் போட்டுப் பிசைந்த மாவு, ஆறு உருண்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரலால் அழுத்திய பள்ளம். இளகத் தொடங்கியிருந்தன.

"இன்னா சார், லட்டா?"

"குக்கீ. வீட்ல உருட்டி வச்சது."

பாலு கையைத் துணியில் துடைத்தான். "அப்ப இப்பவே போட்டுடுங்க சார். சாய்ங்காலம் வரைக்கும் தாங்காது."

செலையூரில் இந்த வீட்டுக்கு ஓவன் வந்து எட்டு வருடம். எட்டு வருடமும் ஒரே சண்டைதான். பத்தாவது நிமிடத்தில் ஹில்டா தட்டை வெளியே எடுப்பாள். நடுவில் மாவு ஈரமாகப் பளபளக்கும்.

"வேகல" என்பார் அவர்.

"மிச்சம் சூட்லயே வேகுங்க. மெத்துன்னு இருந்தாத்தான் குக்கீ."

"எனக்கு பிஸ்கட் மாதிரி இருக்கணும்."

"வாத்தியாருக்குக் கருகினாத்தான் பாஸ் மார்க்" என்று அவர் பங்கை மட்டும் மறுபடி உள்ளே தள்ளுவாள். மெத்தென்றதை அவர் ஒருமுறைகூடத் தின்று பார்த்ததில்லை. இனி இந்த ஆறுதான்.

பட்டர் பேப்பர் விரித்து, இடைவெளி விட்டு அடுக்கினார். ஓவன் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான்காவது நிமிடத்தில் உருண்டைகள் சாய்ந்து பரவின. கட்டைவிரல் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எழுந்து சுவிட்சில் கை வைத்தார். நிறுத்தி என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் ஆனது. தட்டை இழுத்தார்.

பாலு எட்டிப் பார்த்தான். "வேகல போலக்கீதே சார். இன்னும் கொஞ்ச நேரம் வுடுங்க."

"வேணாம்."

பாலு ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவரப் போனான். ஆறும்வரை ஞானையா காத்திருக்கவில்லை. ஒன்றை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். அது உடையவில்லை; விரல்களுக்கு இரண்டு பக்கமும் தொய்ந்து தொங்கியது. விழாமலிருக்க இன்னொரு உள்ளங்கையை அடியில் கொடுத்தார். சுட்டது. வாய்க்குக் கொண்டுபோகும்போது சாக்லேட் ஒன்று இளகி, மணிக்கட்டு வரை மெல்ல வழிந்தது.