முனிரத்தினத்தின் மாடு தின்ற கீரை

கிருபா டீச்சர் ஊர் மாடுகள் அடைகிற மந்தைக்குள் குந்தி உட்கார்ந்து செடி பிடுங்குவதைப் பார்த்த அன்றைக்கே பெருங்களத்தூர்க்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள், படித்துப் படித்து அந்தப் பெண்ணுக்கு மூளை குழம்பிவிட்டது என்று. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளைப் புடவையோடு நேரே மந்தைக்கு வந்து, சாணிக்கு நடுவில் மண்ணை ஒரு பையிலும் செடியை ஒரு பையிலும் போட்டுக்கொண்டு போனால் வேறென்னதான் நினைப்பார்கள்?

மண்ணில் இருக்கிற உப்பு செடிக்குள் எப்படி ஏறுகிறது, ஏறிய உப்பு மேய்கிற மாட்டை என்ன செய்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. யார் கேட்டாலும் ஆசை ஆசையாய் விளக்குவாள். கேட்கத்தான் ஆளில்லை, பச்சையம்மாவைத் தவிர.

பச்சையம்மா அடுத்த தெருவில் ஒற்றைப் பசுவை வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கிறவள். அப்படிச் சொல்வதும் இப்போது பொருந்தாது. ஒரு வருஷமாக அவளிடம் பால் வாங்குவது கிருபா ஒருத்திதான். போன மாட்டுப் பொங்கலன்று பெரிய வீட்டு முனிரத்தினத்தின் பசுக்கள் இரண்டு சாயங்காலத்துக்குள் விழுந்து செத்தன. அன்று காலையில் பச்சையம்மா தன் வீட்டுப் பொங்கலில் ஒரு உருண்டையை அவற்றின் வாயில் ஊட்டியிருந்தாள். போதாதா? முனிரத்தினம் நடுத்தெருவில் நின்று, "பச்சையம்மா வெஷம் வெச்சிட்டா!" என்று கத்தினார். அவளுடைய எலும்புந்தோலுமான பசு மட்டும் குத்துக்கல்லாட்டம் நின்றது ஊருக்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது.

கிருபாவுக்கு அது ஆறவேயில்லை. பச்சையம்மா கையால் தினமும் பால் குடிக்கிறவள் அவள். ஒரு மனுஷியின் கையை ஊரே விஷம் என்று சொன்னால் அந்த மனுஷி எப்படிச் சோறு தின்பாள்? கோபத்தோடுதான் மந்தையில் முளைத்திருந்த முள்ளுக்கீரையைப் பிடுங்கிக்கொண்டு போய், தண்டைக் கிள்ளி அதன்மேல் வெடியுப்பைக் காட்டிக்கொடுக்கும் திராவகம் ஒரு சொட்டு விட்டாள். தண்டு பளிச்சென்று நீலமாக மாறியது. ஆய்வுக்கூடத்தில் தன்னந்தனியாக நின்று கைதட்டினாள்.

தலைமுறை தலைமுறையாக மாடுகள் நின்று சாணியும் மூத்திரமும் ஊறின மண் அது. வெடியுப்பு அதில் மண்டிக் கிடந்தது. கீரை அந்த உப்பைக் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. முள்ளுக்குப் பயந்து மாடுகள் தாமாக அதில் வாய் வைப்பதில்லை. யாராவது அறுத்துப் போட்டு, பசித்த மாடு நிறையத் தின்றால்தான் அந்த உப்பு விஷமாகும்.

இந்தப் பொங்கலுக்கு முன்னாலேயே அவள் முனிரத்தினத்திடம் போய்ச் சொல்லியும் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, கீரை துன்னா சாவு வருமா? எங்க வூட்ல வாரத்துல மூணு நாளு கீரைதான். நான் செத்தா பூட்டேன்?"

"நீங்க வேகவெச்சு, தண்ணிய வடிச்சுட்டுச் சாப்பிடறீங்க. உங்க வயிறு வேற, மாட்டு வயிறு வேறங்க."

"எங்க வூட்டுக்காரிய கேளுங்க, ரெண்டும் ஒண்ணுதான்னுவா!" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

மாட்டுப் பொங்கலும் வந்தது. முனிரத்தினம் அந்த வருஷம் புதிதாய் வாங்கியிருந்த சிவப்புப் பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, மேய்ச்சலுக்கு விடாமல் உச்சிப்பொழுது வரைக்கும் கட்டியே வைத்திருந்தார். பசித்துக் கிடந்த மாட்டுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? மந்தையிலிருந்து முள் முற்றாத இளந்தண்டாகப் பொறுக்கி அறுத்து வந்த முள்ளுக்கீரையைக் கட்டுக் கட்டாகப் போட்டார். மற்ற மாடுகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, பிழைத்தன.

பொழுது சாய்வதற்குள் பச்சையம்மா வீட்டு வாசலில் கூச்சல் கேட்டது. கிருபா கையிலிருந்த கரும்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"மறுபடியும் வெச்சிட்டியேடி பாவி!" என்று முனிரத்தினம் கத்திக்கொண்டிருந்தார். பச்சையம்மா வாசற்படியில் நின்றாள். இந்த வருஷம் அவள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

கிருபா அங்கே நிற்காமல் பெரிய வீட்டுக் கொட்டகைக்குப் போனாள். மாடு தள்ளாடி விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் முள்ளுக்கீரைத் தண்டுகள் கிடந்தன. முனிரத்தினம் ஏற்கெனவே ஆளனுப்பியிருந்ததால் கால்நடை டாக்டர் தட்சிணாமூர்த்தியும் வந்து சேர்ந்தார். காதில் ஊசியால் குத்தினார். வந்த ரத்தம் சிவப்பாக இல்லை, கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது.

"வெடியுப்பு, டாக்டர். கீரை வழியாப் போயிருக்கு," என்றாள் கிருபா.

"அப்ப மெத்திலீன் புளூ போடணும். ஆஸ்பத்திரில தீந்துபோச்சே."

"எங்க லேப்ல இருக்கு. சாவி எங்கிட்டதான்."

அவருடைய ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து தாம்பரத்துக்குப் பறந்தாள். அதைப் பற்றிச் சர்ச்சில் அடுத்த ஞாயிறு தனியாகப் பேசிக்கொண்டார்கள், பேசிவிட்டுப் போகட்டும். நீலப் பொடியைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கை, புடவை, மூக்கு நுனி எல்லாம் நீலமாகத் திரும்பி வந்தாள். டாக்டர் கழுத்து நரம்பில் மெல்ல மெல்ல மருந்தை ஏற்றினார். கிருபாவுக்குக் கர்த்தரின் பெயர் தவிர வேறெதுவும் நாக்கில் வரவில்லை.

மாட்டின் மூச்சு நிதானப்பட்டது. தலையைத் தூக்கியது. பிறகு ஒரு உதறு உதறி எழுந்து நின்றது. தெருவே திரண்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்த மாடு வாலைத் தூக்கி, எல்லார் முன்னிலையிலும் தாராளமாய், பச்சை கலந்த நீலத்தில் மூத்திரம் பெய்தது.

"ஐயையோ, அம்மன் எறங்கிட்டாடா!" என்று யாரோ அலறினார்கள். நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள். வீட்டில் தெளிக்கக் கோமியம் பிடிக்க ஏழெட்டுப் பேர் சொம்போடு பாய்ந்தார்கள்.

"அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல, மருந்து! சாயம்! சுவத்துல பட்டாப் போகாது!" என்று கிருபா கத்தினாள். சுவர் என்றதும் சொம்புகள் பின்வாங்கின. டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். அவள் தொட்டியிலிருந்து ஒரு தண்டை எடுத்து, லேபிலிருந்து கொண்டுவந்திருந்த திராவகத்தை எல்லாருக்கும் தெரிய ஒரு சொட்டு விட்டாள். தண்டு நீலமானது. "இந்த நீலம் வந்தா உள்ள வெடியுப்பு இருக்குன்னு அர்த்தம், மாட்டைச் சாய்ச்சது அதுதான்," என்றாள். ஊர் வாயைப் பிளந்தது.

முனிரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை. போன வருஷமும் இந்த வருஷமும் அறுத்ததும் அவர்தான், போட்டதும் அவர்தான். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பச்சையம்மாவிடம் போய், தனக்கே கேட்காத குரலில், "தப்பா சொல்லிட்டேன் பச்சையம்மா. மனசுல வெச்சிக்காத," என்றார்.

இத்தனை வருஷமும் அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவள் முதல் தடவையாக 'நீ' போட்டாள்.

"போன வருசம் காதோடவா சொன்ன? நட்ட நடுத்தெருவுல நின்னுகினு கத்துன. இப்பவும் அங்கியே போயி கத்து."

முனிரத்தினம் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். நடுத்தெருவுக்குப் போனார். அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு கும்பல் தாம்பாளம் தட்டிப் 'பொங்கலோ பொங்கல்' போட்டுக்கொண்டிருந்தது. அவர் கையை உயர்த்தினார், தாம்பாளங்கள் ஓய்ந்தன.

"பச்சையம்மா வெஷம் வெக்கலே! எம் மாட்டுக்கு நாந்தான் வெஷம் வெச்சேன்!"

பச்சையம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதோடு சிரிப்பும் வந்தது. கிருபாவின் நீலக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சுக்கா."

"ரயிலடி வரிக்கும் கேட்டிருக்குமா?"

கிருபா பொய் சொல்லாதவள். காதைச் சாய்த்து யோசிப்பதுபோல் நின்றாள்.

"அவ்வளவு தூரம் போயிருக்காதுக்கா."

முனிரத்தினம் மறுபடியும் மூச்சை இழுத்துப் பிடித்தார்.