பூங்காவின் மேற்கு ஓரம்

ஜோதிலட்சுமியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஏஞ்சல் வயலுக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு மட்டும் கட்டுகிற நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு ஜோதிலட்சுமியின் வீட்டுக்குப் போனாள். மகள் அருணா மட்டும் இருந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவள், யூனிபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மனு எழுதணும் அருணா. உன் போன்ல அடிச்சுக் குடுக்குறியா?"

"இன்னா மனு அத்த?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி பார்க் கீதே, அதுல நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஓரமா எடம் குடுக்கச் சொல்லி. இனிமே ரோட்டுல ஒருத்தரும் உக்காரக் கூடாது."

அருணா போனை எடுத்தாள்.

அவர்கள் மொத்தம் பதினொரு பேர். புதுவாயலைத் தாண்டி, ஏரிப் பாசனத்தில் மிச்சமிருந்த நிலத்தை அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று குத்தகைக்கு எடுத்து வெண்டை, கத்திரி, கீரை போடுகிறவர்கள். பறித்ததை அன்றைக்கே ஊருக்குள் கொண்டுவந்து, கொல்கத்தா சாலையின் வளைவில் கோணி விரித்து விற்பார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொண்டு போவார்கள். ஒன்பது வருடமாக அப்படித்தான் நடந்தது. போன மாதம் ஒரு காலை, குறுக்கே வந்த பைக்குக்காக ஒடித்த லாரி ஒன்று சாலையை விட்டு இறங்கியது. குனிந்து கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஜோதிலட்சுமிக்கு நிமிர நேரமில்லை. ஏஞ்சல் அப்போது எதிர்ப்புறம் டீ வாங்கப் போயிருந்தாள். ஆம்புலன்சில் கூடப் போனவளும் அவள்தான். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி எடம் கேட்டு எழுதியிருக்கீங்களா? தேதி இருந்தா போடலாம்" என்று அருணா கேட்டாள்.

"இல்லம்மா, கேட்டதில்ல."

அது பொய் இல்லை. அவர்கள் கேட்கவில்லை. கேட்காமலேயே கொடுக்க வந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பேரூராட்சியிலிருந்து ஒரு அதிகாரி சாலை வளைவுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்பை மேடாகக் கிடக்கும் இடத்தைச் சுத்தம் பண்ணித் தருகிறோம், அங்கே போய் உட்காருங்கள், இந்த இடம் ஆபத்து என்றார். மற்றவர்கள் ஏஞ்சலைப் பார்த்தார்கள். அவள்தான் பேசத் தெரிந்தவள். உள்ளே போனால் எவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வாங்குவான், வந்த சரக்கெல்லாம் வாடித்தான் போகும் என்று அவள் சொன்னாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். ஜோதிலட்சுமி மட்டும் அன்று சாயங்காலம், வீட்டுக்கு நடந்து வரும்போது மெதுவாகச் சொன்னாள்: "போயிருக்கலாம் ஏஞ்சலு. லாரி போம்போது எனுக்கு பயமா கீது." ஏஞ்சல் சிரித்துவிட்டு, "நானு பக்கத்துலதானே கீறேன்" என்றாள். அதற்குமேல் ஜோதிலட்சுமி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தோழி வேண்டாம் என்றதை வேண்டும் என்று பிடிக்கிற குணம் அவளுக்கு இல்லை.

இதை ஏஞ்சல் யாரிடமும் சொன்னதில்லை. அருணா மனுவை வாசித்துக் காட்டியபோது தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பதினொரு பேர் என்று இருந்த இடத்தில் அருணா நிறுத்தி, பத்து என்று திருத்தினாள்.

பேரூராட்சியின் செயல் அலுவலர் புதிதாக மாற்றலாகி வந்த அம்மாள். மனுவை இரண்டு தடவை படித்தார். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அது இப்போ பூங்கா. பூங்கானு ஒதுக்கின இடத்துல கடை போட நான் கையெழுத்துப் போட முடியாது. மேல எழுதிக் கேக்கணும், மன்றத்துல வெக்கணும், அக்கம்பக்கத்துல ஆட்சேபணை இருந்தா அதையும் விசாரிக்கணும்" என்றார்.

ஆட்சேபணை வந்தது. எழுதியவர் ஹயக்ரீவன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, வங்கி வேலையில் ஓய்வு பெற்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். மெலிந்த உடம்பு. அந்தப் பூங்காவில் காலையும் மாலையும் அவரைப் பார்க்காமல் யாரும் இருந்ததில்லை.

விசாரணையை ஒரு புதன்கிழமை மன்றக் கூடத்தில் வைத்தார்கள். விற்கிறவர்கள் எல்லோரும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். அருணா லீவு போட்டுவிட்டு வந்து ஏஞ்சலுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஹயக்ரீவன் எழுந்து, கையில் காகிதம் இருந்தும் அதைப் பார்க்காமல் பேசினார்.

"நான் இவாளுக்கு விரோதி இல்லை. தவறிப்போன அம்மாகிட்ட நானே கீரை வாங்கியிருக்கேன். ஆனா அந்த இடம் எப்படி இருந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். மூக்கைப் பொத்திண்டு போவோம். ரெண்டு வருஷம் நாலைஞ்சு பேரா நின்னு குப்பையை அள்ளினோம். புங்கம், நாவல், மகிழம்னு அறுபத்திரண்டு கன்னு. கோடையில வீட்டுலேர்ந்து குடத்துல தண்ணி கொண்டுபோய் ஊத்தினோம். இன்னிக்குக் கூடை வரும். நாளைக்கு மழைன்னு ஷீட் போடுவா. அப்புறம் சிமெண்ட் மேடை. அஞ்சு வருஷத்துல மரம் இருக்காது. இந்த ஊர்ல குழந்தைகள் விளையாட இருக்கற பச்சை அது ஒண்ணுதான். சுத்தி எந்தப் பக்கம் பார்த்தாலும் கம்பெனிச் சுவர்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று ஏஞ்சலுக்கே பட்டது.

அலுவலர் ஒரு பழைய கோப்பைப் புரட்டினார். "இன்னொண்ணும் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்தைக் காய்கறி விக்கிறவங்களுக்குத் தர அலுவலகமே முன்வந்திருக்கு. வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. 'அனைவர் சார்பாக'னு ஒரு கையெழுத்து. ஈரத்துல அழிஞ்சிருக்கு, படிக்க முடியல. இது யாரு?"

"அதுக்கு அப்புறம்தான் நாங்க மண்வெட்டியை எடுத்தோம்" என்றார் ஹயக்ரீவன்.

பின் வரிசையில் இருந்த வியாபாரி தாவீது குனிந்து செருப்பைப் பார்த்தார். அருணா எழுந்தாள்.

"மேடம், எங்கம்மா அப்டி எழுதியிருக்காது. யாரோ ஏமாத்தி வாங்கிக்கினு போயிருப்பாங்க. இதை வச்சி இப்ப இல்லேனு சொல்லாதீங்க."

அவள் குரல் உடைந்தது. ஏஞ்சல் அந்தக் கோப்பைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிடலாம். கையெழுத்து அழிந்துவிட்டது. பக்கத்தில் இருக்கிறவர்கள் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். செத்துப் போனவளும் சொல்லப் போவதில்லை. அப்படி நினைத்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது. எழுந்து நின்றாள்.

"நான்தாம்மா எழுதினது. என் பேரு ஏஞ்சலு. யாரும் ஏமாத்தல. உள்ள போனா யாவாரம் ஆவாதுனு நான்தான் சொன்னேன். இவங்கல்லாம் என் பேச்சைக் கேட்டு ரோட்டுலயே இருந்தாங்க." நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். கோப்பில் இருந்தது இவ்வளவுதான். இதோடு உட்காரலாம். "ஜோதிலட்சுமி போலாம்னுதான் சொல்லுச்சு. லாரிய பாத்தா பயமா கீதுனு என்கிட்ட சொல்லுச்சு. நான் சிரிச்சேன். அது தெரிஞ்சது எனுக்கு மட்டுந்தான். இப்ப உங்க எல்லாருக்கும் சொல்றேன்."

அருணா நின்றபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட வரவில்லை. புரியாத பாஷையில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தது.

"ஐயா சொல்றது நியாயம்" என்று ஏஞ்சல் ஹயக்ரீவனைப் பார்த்துச் சொன்னாள். "நாங்க வேணாம்னு விட்டதை அவரு தண்ணி ஊத்தி வளத்தாரு. எங்களுக்கு மரத்து நெழலு வேணாம். செடி இல்லாத எடமா ஒரு ஓரம் போதும். ஷீட்டு, மேடை ஒண்ணும் வேணாம். என் ஒருத்திக்குக் குடுக்கலன்னாலும் பரவால்ல, இவங்களுக்குக் குடுங்க."

அருணா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கூட்டம் முடிந்து ஏஞ்சல் வந்து பார்த்தபோது தெருவில் அவள் இல்லை. அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் ஏஞ்சல் அவள் வீட்டுப் பக்கம் போனாள். ஒரு தடவை கதவு திறந்தது. "வேலைக்குப் போவணும், தூங்கணும்" என்று சொல்லிவிட்டு அருணா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. மேற்குச் சுவரை ஒட்டிய ஓரம் மட்டும். அங்கே மண் இறுகிக் கன்று எதுவும் பிடிக்கவில்லை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, காலை ஆறு முதல் பத்து வரை. முளைக்குச்சி அடிக்கக் கூடாது, மரத்தில் கயிறு கட்டக் கூடாது, கழிவை அவரவரே எடுத்துப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மட்டும் அனுமதி, பிறகு பார்க்கப்படும். மற்ற நாட்களில் தள்ளுவண்டியில் தெருத் தெருவாகப் போவது என்று முடிவு செய்துகொண்டார்கள். முதல் நாள் ஹயக்ரீவன் வாசல் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பத்து மணிக்கு வந்து தரையைப் பார்த்தார். ஒரு வெண்டைக்காய்க் காம்பைக் குனிந்து எடுத்து, ஏஞ்சலின் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

ஏஞ்சல் முன்னே சொன்னது அப்படியே நடந்தது. ஆள் வரவில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி உள்ளே வர நேரமில்லை. நடக்க வருகிறவர்கள் வாங்கியது போக மிச்சம் வீட்டுக்கே திரும்பியது. மூன்றாவது வெள்ளிக்கிழமை விற்கிறவர்களில் தாவீதும் லட்சுமியம்மாளும் பூங்காவுக்கு வரவில்லை. பழைய வளைவிலேயே கோணி விரித்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

ஏஞ்சல் ஓட்டமும் நடையுமாகப் போனாள். லாரிகள் ஒன்றின்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜோதிலட்சுமி உட்காரும் இடத்துக்கு நாலடி தள்ளி லட்சுமியம்மாள் கத்திரிக்காயைப் பரப்பியிருந்தாள்.

"எழுந்திரு லட்சுமியம்மா. இங்க வேணாம்."

"நீ சொல்லிதான் அன்னிக்கு இங்க உக்காந்தோம். நீ சொல்லிதான் உள்ள போனோம். இப்ப நாஷ்டாவுக்கே பேஜாரா கீது. இன்னொரு வாட்டி உன் பேச்சைக் கேக்கச் சொல்றியா?" என்றார் தாவீது. வயதில் மூத்தவர். அவள்மேல் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

அவர் கையைப் பிடித்து எழுப்பலாமா, காலில் விழலாமா என்று தெரியாமல் ஏஞ்சல் நின்றாள். அப்போது கம்பெனி பஸ் வந்து வளைவில் நின்றது. இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் இறங்கினார்கள். அருணாவும் இறங்கினாள்.

அம்மா அடிபட்ட இடத்தைப் பார்க்காமல் தினமும் தலையைக் குனிந்து நடந்து போகிறவள் அவள். அன்று நின்றாள். கோணியைப் பார்த்தாள், தாவீதைப் பார்த்தாள், ஏஞ்சலைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து கத்திரிக்காய்களைக் கை கையாக அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள். லட்சுமியம்மாள், "அருணா, வுடும்மா" என்று தடுத்தாள். அவள் விடவில்லை. கூடை நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இங்க வாணாம் மாமா" என்று தாவீதிடம் சொன்னாள். "தெனம் ரெண்டு வாட்டி நான் இந்தப் பக்கமா வரணும். உங்களையும் இங்க பாக்க என்னால ஆவாது."

பிறகு தன்னோடு இறங்கியவர்கள் பக்கம் திரும்பினாள். எட்டுப் பத்துப் பேர், பெரும்பாலும் பெண்கள், தூக்கக் கண்ணோடு நின்றிருந்தார்கள். "காய் வேணும்னா பார்க்ல கீது. ரெண்டு நிமிஷந்தான். என்கூட வாங்க."

நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். தாவீது கோணியை மடித்தார்.

அடுத்த வாரம் அருணா பஸ் டிரைவரிடம் பேசி, செவ்வாயும் வெள்ளியும் வளைவில் நிறுத்தாமல் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்த வைத்தாள். மற்றக் கம்பெனி பஸ்களிலும் தெரிந்தவர்களிடம் சொன்னாள். ஒரேயடியாக எதுவும் மாறவில்லை. ஆனால் சரக்கு திரும்பிப் போவது குறைந்தது. கூட்டம் சேர்ந்தபோது ஒரு பையன் புங்கங்கன்றை மிதித்து ஒடித்தான். ஹயக்ரீவன் வந்து நெடுநேரம் பேசினார். பதினைந்து நாளில் அதே இடத்தில் வேறு கன்று நட்டு, தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏஞ்சல் எடுத்துக்கொண்டாள். ஆறு மாதம் முடிந்ததும் அனுமதியை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டினார்கள். ஆட்சேபணை எழுதப்போவதில்லை, ஆனால் சம்மதம் என்றும் எழுதமாட்டேன் என்று ஹயக்ரீவன் அலுவலரிடம் சொன்னாராம்.

நீட்டித்த உத்தரவு வந்த அன்று அருணா ஷிப்ட் முடிந்து பூங்காவுக்கு வந்தாள். ஏஞ்சல் கடைசிக் கீரைக்கட்டை ஓரமாக வைத்துவிட்டு, தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அருணா சுவர் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அம்மா அன்னிக்கு இன்னா சொல்லுச்சு? அப்டியே சொல்லு அத்த. ஒரு வார்த்தை விடாம."

ஏஞ்சல் துடைப்பத்தை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு நடந்தது, ஜோதிலட்சுமி சொன்னது, தான் சிரித்தது, அதற்குப் பிறகு இருவரும் வேறு பேச்சு பேசிக்கொண்டே போனது எல்லாவற்றையும் சொன்னாள். அருணா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏஞ்சல் தொடவில்லை. தொட உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் பார்க்குக்கு வரேன்னு, உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத" என்றாள் அருணா, கண்ணைத் துடைத்தபடி. "இன்னும் இல்ல. ஆவுமா ஆவாதானும் தெரியல."

"சரிம்மா."

அருணா எழுந்து யூனிபார்மில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். கீரைக்கட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. சாக்குகளை மடிக்க ஆள் போதவில்லை என்று பார்த்து, பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை ஏஞ்சல் பிடித்தாள்.